தாங்கிக்குள் ஒரு தடுப்பு

சந்தியோகுவின் வலது கையைப் பற்றி மன்னார்த் தீவின் தோட்டவெளி ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு கதை சொல்வார்கள். செத்துப்போன எஞ்சினை அந்தக் கை உயிர்ப்பித்துவிடும் என்பது ஒன்று. உயிரோடு இருக்கிறவனைச் சாகடிக்கவும் அதற்கு அதிக நேரம் வேண்டாம் என்பது மற்றது. அவனுக்குப் பெயர் தந்த புனிதர் குதிரையில் ஏறி வாளோடு வருகிறவர். இவனோ மோட்டார் சைக்கிளில் ஏறி ஸ்பனரோடு வருகிறவன். பங்குச் சுவாமியார் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் சந்தியோகு கோயிலுக்குள் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் சொல்வார்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழி அவனுக்கு வேதவாக்கு. தகப்பன் அந்தோனிமுத்து அதைச் சொல்லிச் சொல்லியே வலைக்கயிற்றால் அவனை வளர்த்தார். தொண்ணூறாம் ஆண்டு தீவை விட்டு ஓடி, மடுப் பக்கத்துக் காட்டில் கொட்டில் போட்டபோது தாய் காய்ச்சலில் போனாள். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பதினெட்டு வயதுச் சந்தியோகுவின் கையில் ஐந்து வயதுத் தம்பி மில்ரன் மிஞ்சினான். கஞ்சி ஊற்றியதும் அந்தக் கைதான், கன்னத்தில் போட்டதும் அந்தக் கைதான். பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாசத்துக்கு அவன் வீட்டில் வேறு வடிவம் யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

மடுக் காட்டில்தான் அவன் தொழில் பழகினான். பெற்றோல் அந்தப் பக்கம் வருவது தடை. மண்ணெண்ணெயில்தான் எல்லாம் ஓடவேண்டும். எஞ்சின் பற்றிக்கொள்ள முதலில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்டவேண்டும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மற்றவர்கள் மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு காபரேற்றருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சந்தியோகு ஒரு பழைய சீடி 125 மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியை வெட்டித் திறந்து, பின்பக்கத்தில் தகரத் தடுப்பு வைத்து, அதற்குள் பெற்றோலுக்குத் தனி இடம் செய்தான். படகு எஞ்சினின் சின்ன மூடியைக் கழற்றி அந்தப் பக்கத்துக்கு மூடியாக வைத்தான். ஒட்டுவதற்குப் பித்தளைக் கம்பி கிடைக்காத காலம் அது. வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி, கீற்றுக் கீற்றாக வெட்டி, உருக்கி ஒட்டினான். இடது மூலையில் கோது முடிந்துபோனதால் ஒட்டு கோணிக்கொண்டு போனது. இன்னொரு கோது பொறுக்கிக்கொண்டு வந்தது மில்ரன். அந்த மோட்டார் சைக்கிளை மில்ரனுக்கென்றே வைத்திருந்து, அவன் கால் நிலத்தில் முட்டும் வயதில் சாவியைக் கொடுத்தான்.

தீவுக்குத் திரும்பி மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச் போட்ட பிறகு, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மில்ரன் ஒரு வாடிக்கையாளரின் புது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டப் பந்தயம் போனான். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி வீதியில் ஒரு கழுதையோடு மோதினான். கழுதை எழும்பி நடந்துபோய்விட்டது. மோட்டார் சைக்கிள் எழும்பவில்லை. சந்தியோகு ஆணியில் தொங்கிய பழைய செயினை எடுத்தான். முதுகு, தோள், தலை என்று பாராமல் விளாசினான். இடையில் விழுந்து தடுத்த மனைவி அருளம்மாவின் மணிக்கட்டிலும் ஒன்று விழுந்தது. மில்ரன் தலையைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தான். இடது காதிலிருந்து இரத்தம் வந்தபோதுதான் செயின் நின்றது. பிறகு சந்தியோகுவே அவனைத் தூக்கிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடினான், வாசலில் இருந்து குழந்தைபோல அழுதான். காது ஆறுவதற்கு முன்பே மில்ரன் தன் சீடியை உதைத்து ஸ்ராட் செய்து, உயிலங்குளம் சோதனைச் சாவடியால் வன்னிக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு பாதை பூட்டப்பட்டது. யுத்தம் வந்தது.

யுத்தம் முடிந்ததும் சந்தியோகு தம்பியைத் தேடினான். படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தான், அரச அதிபரின் கச்சேரி வாசலில் நின்றான், காணாமல் போனவர்களைத் தேடும் சனத்தோடு வெயிலில் இருந்தான். கேட்டவர்களிடமெல்லாம், "யுத்தம் கொண்டுபோட்டுது" என்றான். எல்லாருடைய பாவத்தையும் சுமக்க யுத்தம் தயாராக இருந்த காலம் அது, இவனுடையதையும் ஏற்றிவிட்டான். மரித்தோர் தினப் பூசையில் வாசிக்க மில்ரனின் பெயரையும் எழுதிக்கொடுத்த கோயில் சபைக்காரனின் மூக்கைக் கோயில் முற்றத்திலேயே உடைத்தான். தம்பி சாகவில்லை என்றால் எங்கே? செத்துவிட்டான் என்றால் யார் கையால்? இந்த இரண்டில் ஒன்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்காது. மில்ரன் போன நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அப்படியேதான் இறங்காமல் இறங்கியது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று. தலைமன்னார் வீதி கறுத்துப் பளபளவென்று கிடந்தது. ஷெல்லுக்குப் பதுங்கி வளர்ந்த பெடியளுக்கு நேரான வீதி ஒன்று கிடைத்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் தலைமன்னார் இறங்குதுறை வரை பறப்பார்கள். பறந்து திரும்பியதும் சந்தியோகுவின் கராச்சில் வந்து குவிவார்கள். சைலன்சரை வெட்டு, ஹாண்டிலைத் தணி, மட்காட்டைக் கழற்று என்று ஆளுக்கொரு ஆசை. சந்தியோகு தூசணத்தால் ஏசிக்கொண்டே எல்லாம் செய்து கொடுப்பான். "மட்காட்டைக் கழட்டினா சேறு உன்ர மூஞ்சியிலதான் அடிக்கும். அடிக்கட்டும், உனக்கு அதுவும் வேணும்" என்பான். அவனுடைய ஏச்சு வாங்காத வண்டி நல்ல வண்டி இல்லை என்று பெடியளுக்குள் ஒரு பேச்சு. அவன் கை ஓங்கும் தூரத்துக்கு வெளியே நின்று வேலை சொல்லவும் பழகியிருந்தார்கள்.

அந்தத் தூரம் தெரியாதவன் இன்சாப் ஒருவன்தான். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தொண்ணூறில் இங்கிருந்து துரத்தப்பட்ட உம்மாவோடு அவளுடைய சொந்த மண்ணுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தன் வண்டிக்குப் பழைய சீடியின் தாங்கி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தான். கறுப்பில் சிவப்பு நெருப்பு எரிகிற மாதிரிப் பெயின்ற். பார்க்க மாப்பிள்ளைபோல இருந்தது. ஆனால் வீதியில் மானத்தை வாங்கியது.

"அண்ணன், டாங்குக்குள்ள பெற்றோல் குலுங்குற சத்தம் காதால கேக்குது. எஞ்சின் மட்டும் பெற்றோல் இல்லையெண்டு நிக்குது. மூண்டு ஞாயிறா உருட்டிக்கொண்டுதான் வாறன்" என்றான்.

"ஜின் குடிக்குதடா" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

சந்தியோகுவும் சிரித்துக்கொண்டுதான் தாங்கியைக் கழற்றினான். குழாய் வழியாக எண்ணெயை வடித்தான். ஒரு சொட்டும் இல்லாமல் வடித்த பிறகு தூக்கிக் குலுக்கினான். உள்ளே இன்னும் குலுங்கியது. அவன் சிரிப்பு நின்றது. டோர்ச்சைத் தாங்கியின் வாய்க்குள் பிடித்து எட்டிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பு. அதன் மேல் விளிம்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஓடும்போது அலை அடித்த பெற்றோல் அந்த ஓட்டையால் தடுப்புக்கு அப்பால் போய்த் திரும்பி வர வழியில்லாமல் நின்றது. தடுப்பைச் சுற்றி மஞ்சள் ஒட்டு. இடது மூலையில் அது கோணிக்கொண்டு போனது.

தாங்கியின் பின்பக்கத்து நெருப்பை அவன் கத்தியால் சுரண்டினான். பெயின்றும் பசையும் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தன. அடியில் படகு எஞ்சினின் சின்ன மூடி இருந்தது.

"இந்த டாங்க் எங்கால?" என்று மெதுவாகக் கேட்டான். சந்தியோகு மெதுவாகக் கதைத்தால் ஊர் தெரிந்தவர்கள் ஓடிவிடுவார்கள். இன்சாப் பல்லைக் காட்டினான்.

"என்ன அண்ணன், ஆசையா இருக்கா?"

சந்தியோகு விட்ட முதல் அறையிலேயே அவன் சாமான் பெட்டியின்மேல் போய் விழுந்தான். ஸ்பனர்கள் சிதறின. எழும்புவதற்குள் சந்தியோகுவின் கை அவன் கழுத்தில் இருந்தது. வலது கையால் குத்தினான், இடது கை தாங்கியைப் பிள்ளையைப்போல இடுப்பில் அணைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் குத்தில் இன்சாபின் முன்பல் போனது.

"இது என்ர மில்ரன்ட டாங்க்! என்ர தம்பியை என்னடா செய்தனீங்கள்? சொல்லு! எங்க வெட்டிப் புதைச்சனீங்கள்?"

"அல்லாஹ்வே! எனக்கு மில்ரனைத் தெரியாது அண்ணன்... ஜெகதீபன் தந்தது... பெயின்ற் அடிக்கிற ஜெகதீபன்..."

சுற்றி நின்ற பெடியளில் ஒருவனும் கிட்டே வரவில்லை. சந்தியோகு அடிக்கும்போது இடையில் போவதில்லை என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மில்ரன் என்ற பெயர் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த அருளம்மா, கராச் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளும் தம்பியை நினைத்துத்தான் அழுகிறாள் என்று சந்தியோகு நினைத்தான். இன்சாபைக் கீழே போட்டான், தாங்கியைப் பழைய ரயர் ரியூப்பால் தன் வண்டியின் பின்னால் இறுக்கிக் கட்டினான், உதைத்துக்கொண்டு போனான்.

ஜெகதீபனின் பெயின்ற் கொட்டில் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. மில்ரனோடு ஒரே வகுப்பில் படித்தவன். பெடியளின் வண்டிகளில் எரிகிற நெருப்பும் பறக்கிற பருந்தும் அவன் கைவேலை. ஈரப் பெயின்றோடு ஒரு மட்காட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவன் முன்னால், சந்தியோகு தாங்கியைக் கொண்டுபோய் வைத்தான். சின்ன மூடியைச் சுட்டிக்காட்டினான். ஜெகதீபன் மூடியைப் பார்த்தான், சந்தியோகுவைப் பார்த்தான். முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. அந்த முகமாற்றத்தைக் கண்ட சந்தியோகுவுக்கு, இவன்தான் ஆள் என்று பட்டுவிட்டது. தான் தேடிய கொலைகாரன் ஏழு ஆண்டாகத் தன் கராச்சுக்கு வந்து தேத்தண்ணி குடித்துப் போயிருக்கிறான்!

பெயின்ற் டின்கள் உருண்டன. சந்தியோகு அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். தூரிகை பிடிக்கும் கையை இழுத்துப் பிடித்து ஒரு விரலைப் பின்னால் வளைத்தான்.

"ஆர்ட்ட வாங்கினாய்?"

"அண்ணை, சத்தியமா அது மில்ரன்டயெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா—"

விரல் முறிந்தது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். ஜெகதீபன் போட்ட கத்தலில் பஸ் நிலையத்துச் சனம் திரும்பிப் பார்த்தது. அடுத்த விரலைப் பிடித்தபோது, "கதிர்காமு! முருங்கன் பழைய இரும்புக் கதிர்காமு!" என்றான்.

"மில்ரன் எங்க?"

ஜெகதீபன் உதட்டைக் கடித்தான். கடித்த இடத்தில் இரத்தம் வந்தது. இரண்டாம் விரலும் முறிந்தது. அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. முகத்தை நிலத்தில் தேய்த்துக்கொண்டு, "விடுங்கோ அண்ணை, இதோட விட்டிட்டுப் போங்கோ" என்று மட்டும் அழுதான். இவ்வளவு வலியிலும் சொல்லாதவனுக்குத் தெரியாமல்தான் இருக்கவேண்டும் என்று சந்தியோகு எடுத்துக்கொண்டான். தெரிந்தும் சொல்லாமல் ஒருவன் விரலைக் கொடுப்பான் என்பது அவன் கணக்கில் இல்லாத விசயம்.

தாம்போதியில் ஏறும்போதே பின்னால் நாலு வண்டிகள் வருவது கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. நாலும் அவன் கைபட்டவை. உறுமுகிறது அவன் வெட்டிய சைலன்சர். கிறீச்சிடுகிறது, மாற்று மாற்று என்று அவன் சொல்லியும் மாற்றாத செயின். தங்கள் கூட்டாளியின் பல்லுக்கும் விரலுக்கும் கணக்குத் தீர்க்க வருகிறார்கள். காற்று பக்கத்திலிருந்து அடித்தது. முதல் வண்டி ஒட்டி வந்து காலால் உதைத்தது. சந்தியோகு சட்டென்று பிரேக் பிடித்தான். உதைத்தவன் நிலை தவறி வீதியில் இழுபட்டுக்கொண்டு போனான். அடுத்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே சந்தியோகுவின் நெற்றியில் போட்டான். சந்தியோகு வண்டியோடு சரிந்து கரையில் விழுந்தான்.

ரியூப் அறுந்து தாங்கி உருண்டது. சந்தியோகு தவழ்ந்துபோய் அதன்மேல் விழுந்து மூடிக்கொண்டான். முதுகில் உதைத்தார்கள், விலாவில் உதைத்தார்கள், ஹெல்மெட்டால் தோளில் இடித்தார்கள். அவன் தாங்கியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தான். சுருண்டு கிடக்கிறவனுக்கு அடிக்கிறவனின் கால் மட்டும்தான் தெரியும். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது. அன்றைக்கு மில்ரனுக்கும் தன்னுடைய கால் மட்டும்தான் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு அவனுக்கு அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்? வந்தது. விலாவில் விழுந்த உதையைவிட அது நொந்தது.

தாம்போதி முடிகிற தள்ளாடி முகாமின் காவற் சென்றியில் நின்ற ஆமிக்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். பெடியள் விழுந்தவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். சந்தியோகு எழும்பி, நெற்றி இரத்தத்தைச் சட்டையால் துடைத்து, வளைந்த ஹாண்டிலைக் காலால் மிதித்து நேராக்கி, வண்டியை முருங்கனுக்கு விட்டான்.

கதிர்காமுவின் வளவு முழுக்க வன்னியிலிருந்து வந்த இரும்பு. எரிந்த சைக்கிள்கள், ஓட்டை விழுந்த மோட்டார் சைக்கிள்கள், உழவு இயந்திரச் சில்லுகள், ஒன்றின்மேல் ஒன்றாகத் துருவேறிக் கிடந்தன. நடுவில் கதிரை போட்டு, மடியில் இரும்பு அலவாங்கை வைத்துக்கொண்டு கதிர்காமு இருந்தான். மெலிந்த ஆள், வாய் மட்டும் தடித்தது.

"வா சந்தியோகு. உனக்காகத்தான் இருக்கிறன். ஜெகதீபன்ட தங்கச்சி போன் எடுத்தவள். அவனுக்கு ரெண்டு விரலாம். எனக்கு எத்தினை?"

சந்தியோகு ஸ்பனரை ஓங்கினான்.

"அடி. ஆனா ஒண்டை யோசிச்சுக்கொண்டு அடி. எனக்கு அங்கால கேக்க உனக்கு ஆளில்லை."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "இந்த டாங்கை ஆர்ட்ட வாங்கினாய்?"

"உன்ர தம்பியிட்ட."

"எப்ப?"

"யுத்தம் முடிஞ்சு அடுத்த வருசம். முகாமால விட்டவங்கள். ஆமி பிடிச்சு வைச்ச வண்டியளைப் பொதுமக்களுக்குக் குடுக்கேக்க, இவன் தன்ர சீடியை அடையாளம் காட்டி எடுத்தவன். ஓடாது, வெறும் எலும்புக்கூடு. லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில ஏத்திக்கொண்டு வந்து இந்த இடத்தில இறக்கினவன்."

ஸ்பனர் நிலத்தில் விழுந்தது. சந்தியோகு இரும்புக் குவியல்களுக்கு நடுவில் முழங்காலில் விழுந்தான். சிலுவை போட்டான், மண்ணை முத்தமிட்டான், மாதாவே மாதாவே என்று வாய்விட்டு அழுதான். உயிரோடு இருக்கிறான்! செத்த வீட்டுக்கு வந்தவன் கலியாண வீட்டைக் கண்டதுபோல அவன் அழுததைப் பார்த்துக் கதிர்காமுவே ஒருக்கால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்ப ஏன் அவன் வீட்டை வரேல்லை? இங்கயிருந்து எவ்வளவு தூரம்?"

"நானும் அதைத்தான் கேட்டனான். அண்ணையிட்ட என்னைக் கண்டதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு கும்பிட்டான். ஷெல்லுக்குள்ளால வந்தவன், சந்தியோகு. பிணங்களுக்கு மேலால நடந்து வந்தவன். அதைச் சொல்லேக்க அவன்ட கை நடுங்கேல்லை. உன்ர பேரைச் சொல்லேக்க நடுங்கினது."

"எங்க இருக்கிறான்?"

"அது நான் சொல்லமாட்டன். அலவாங்கு கையில இருக்கு, நீ வேணுமெண்டால் முயற்சி செய்து பார். ஆனா ஒண்டு சொல்லுறன். உன்னைத் தவிர ஊருக்கே தெரியும்."

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா என்று கேட்பார்கள். உண்டு. சந்தியோகுவின் கை மூன்று வருடமாக ஒரு முழு ஊரின் வாயை மூடி வைத்திருந்தது. தேத்தண்ணிக் கடையில் தெரியும், மீன் சந்தையில் தெரியும். பூசையில் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்தவனுக்குத் தெரியும். மூக்குடைந்த கோயில் சபைக்காரனுக்குக்கூடப் பிறகு தெரிந்திருக்கும். கராச்சில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பெடியளுக்கும் தெரியும். அவன் படத்தோடு வெயிலில் இருந்தபோதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில்தான் அவனுக்கு மடு ஞாபகம் வந்தது. அருளம்மா மாதம் ஒருமுறை மடு மாதாவிடம் நேர்த்தி என்று போகிறவள். போகும்போதெல்லாம் பையில் அறக்குளாக் கருவாடு இருக்கும். மில்ரனுக்கு அது என்றால் உயிர். சந்தியோகு அந்தப் பையைத் தானே பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறான். மாதாவுக்கு எவள் கருவாடு கொண்டுபோவாள் என்று ஒரு நாள்கூட அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லையே!

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அருளம்மா வாசலில் கதிரையில் இருந்தாள். மடியில் போன். கணவனின் நெற்றியைப் பார்த்தாள், எழும்பவில்லை.

"எனக்குத் தெரியும் எண்டு விளங்கியிருக்கும். அடிக்கிறதெண்டா முதல்ல அடிச்சு முடியுங்கோ. பிறகு கதைப்பம்."

கை தானாகவே எழும்பியது. அதற்கு அந்த வழி பழக்கம். ஆனால் அருளம்மா கையால் மறைத்துத் தடுக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. செயின் பட்ட மணிக்கட்டு மடியில் போனுக்குப் பக்கத்தில் கிடந்தது. எலும்பு கோணிப் பொருந்தியிருந்தது. சந்தியோகு கையை இறக்கினான். நல்லவனாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். களைத்திருந்தான், விலா நொந்தது, முட்டிகள் இன்சாபின் பல்லில் கிழிந்திருந்தன. எதனாலோ, இறக்கினான்.

"எங்க இருக்கிறான் அருளம்மா?"

"சொல்லமாட்டன்."

"என்ர தம்பி. நான் வளர்த்த பிள்ளை."

"ஓம். நீங்கள் வளர்த்த பிள்ளைதான். சுவருக்கு முதுகைக் குடுத்துக்கொண்டுதான் இப்பவும் இருந்து சாப்பிடுறான். பின்னால ஆரும் நடந்தாத் திடுக்கிடுறான். இடது காது கேக்காது. ஜெனுஷா எண்டொரு பிள்ளையைக் கட்டி, ரெண்டு குழந்தையள். சின்னதாக் கராச் வைச்சிருக்கிறான். அதுகளுக்கு அவன் கை நீட்டுறதில்லை. நீங்கள் போய் நிண்டா அந்த இடத்தையும் விட்டிட்டு ஓடிருவான்."

"நான் அடிக்கமாட்டன்."

"இண்டைக்குக் காலமையில இருந்து எத்தினை பேருக்கு அடிச்சிட்டு வாறியள்?"

சந்தியோகு வாசற்படியில் இருந்தான். தாங்கி பக்கத்தில் இருந்தது. குலுக்காமலே அதற்குள் எண்ணெய் இருக்கிறது என்பது இப்போது தெரியும்.

"குரலையாவது ஒருக்காக் காட்டு," என்றான். "உயிரோட இருக்கிறானெண்டு என்ர காதால கேக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அருளம்மா மடியிலிருந்த போனை எடுத்தாள். பிறகு நம்பரை அழுத்தினாள். "வாய் திறக்கக்கூடாது. மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒண்டும் வரக்கூடாது. உங்கட குரல் கேட்டா எனக்கும் அவன் இல்லாமல் போயிருவான்" என்று சொல்லி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

மணி அடித்தது. எடுத்தார்கள். முதலில் ஒரு எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. வால்வு கொஞ்சம் தட்டுகிறது, இறுக்கவேண்டும் என்று சந்தியோகுவின் மனம் தன்பாட்டில் சொன்னது. ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. பிறகு குரல் வந்தது. தடித்திருந்தது, ஆனால் கோது பொறுக்கிக்கொண்டு வந்த அதே குரல்.

"ஓம் அண்ணி, சொல்லுங்கோ."

சந்தியோகு உதட்டை இறுக்கினான்.

"அண்ணி? கேக்குதோ? பொறுங்கோ, நல்ல காதுக்கு மாத்துறன்... அண்ணி?"

எஞ்சின் நின்றது. குரல் தணிந்தது.

"அண்ணை திரும்ப அடிச்சவரோ?"

சந்தியோகு அருளம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் கோணிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழாதேங்கோ அண்ணி. கதைக்க ஏலாட்டிக் கதைக்க வேண்டாம். எப்பவும் இருக்கிற மாதிரிப் போனைக் காதில வைச்சுக்கொண்டு இருங்கோ. நீங்கள் வைக்கும் வரைக்கும் நான் வைக்கமாட்டன்."

சந்தியோகுவின் தொண்டையிலிருந்து ஏதோ புறப்பட்டு வந்தது. வெளியே வந்தால் தம்பி போய்விடுவான். அவன் வலது கையை எடுத்துத் தன் வாயிலேயே வைத்து, வாழ்க்கையில் யாரையும் பிடிக்காத அளவுக்கு இறுக்கிப் பிடித்தான். அந்தப் பக்கத்தில் மில்ரன் சொன்ன சொல் தவறாமல், ஒன்றும் பேசாமல், போனைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.